உலகம்மாள் எலியிடம் சொல்லவில்லை

அநியாயம் நடந்தது எங்கள் அம்மாவுக்கு. பேசாத பேச்சுக்காக அவள்மேல் பழியைப் போட்டு, கடைசியில் அவள் வாயையே மூடவைத்துவிட்டார்கள். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன் அக்கா, எந்த மேடையில் ஏற்றிவிட்டாலும் சொல்வேன்.

அதோ, டிரைவருக்குப் பின்பக்கம் பாக்கு நிறச் சேலை தெரிகிறது பாருங்கள், கொண்டையில் கனகாம்பரம். அதுதான் அம்மா. பெயர் உலகம்மாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் உட்காரப் போனேன், பையைத் தூக்கி அதில் வைத்துக்கொண்டாள். பைக்குள் மாமா வீட்டு அத்தை சுட்ட முறுக்கு இருக்கிறது, மடியில் வைத்தால் நொறுங்கும் என்று நினைத்திருப்பாள். வேறு காரணம் இருக்காது. அதனால்தான் உங்களிடம் வந்து உட்கார்ந்தேன். நீங்களும் ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தீர்கள்.

மெதுவாகவா? மெதுவாகத்தானே பேசுகிறேன். என் குரலே இப்படித்தான். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் மைக் ரிப்பேர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அம்மா கோவில்பட்டியில் தன் தம்பி வீட்டில், அதாவது என் மாமா வீட்டில் இருந்தாள். இப்போது பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். அங்கே அப்பா கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அம்மா பேசமாட்டாள். என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் பேசுவதில்லை. இவள் எப்படிப்பட்டவள் தெரியுமா? குக்கரோடு பேசுவாள். கேஸ் சிலிண்டரைத் தட்டி, "இன்னும் நாலு நாள் தாங்கிரு ராசா" என்பாள். டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் கரண்டியும் கையுமாக வந்து பதில் வணக்கம் சொல்வாள். அந்தப் பொம்பளை இப்போது ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லாம் எலியால் வந்தது என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எலி எலியாக இருந்தது, அதில் என்ன தப்பு?

நான் எலிக் கட்சி அக்கா. அதில் என்னைச் சேர்த்துவிட்டவரே அப்பாதான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் ஒரு கார்ட்டூன் வரும். வசனமே கிடையாது. கோடுபோட்ட சட்டை, தொப்பை, தொங்குமீசை என்று ஒரு ஆள், அவர் வீட்டில் ஒரு எலி. அவர் பொறி வைத்தால் அவர் விரலே மாட்டும். சுத்தியலை ஓங்கினால் அவர் காலிலேயே விழும். துப்பாக்கி எடுத்தால் கூரை இறங்கும். கடைசியில் வீடு முழுக்கத் தரைமட்டமாகி, வாசல் நிலை மட்டும் தனியாக நிற்கும். எலி அந்த வாசல் வழியாக மரியாதையாக வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் போகும். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்ப்பார். "ஓடு, ஓடு, சந்துக்குள்ள புகுந்துரு மக்கா!" என்று எலிக்கு வழி சொல்வார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

அந்தக் கார்ட்டூனைப் பற்றித்தான் போன பருவத்தில் துறைக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். வீடு யாருடையது? பெரிய உடம்பும் சுத்தியலும் வைத்திருக்கிறவனுடையதா, சுவரோரமாக ஒண்டிக்கொண்டு வாழ்கிறவனுடையதா? இதுதான் என் கேள்வி. கைதட்டல் அடங்க நேரமானது. கேள்வி நேரத்தில் ஒரு முதலாமாண்டுப் பெண் எழுந்து, "கடைசியில அந்த வீட்டை யாரு பெருக்குனா அக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். கார்ட்டூனில் யார் பெருக்குவார்கள், சொல்லுங்கள்!

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா பெயர் ஆவுடையப்பன். நூல் மில்லில் பிட்டர். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் அவர் போய் நின்றால் ஓடும் என்று சொல்வார்கள். போன தை மாதம் மில்லை மூடிவிட்டார்கள். ஒரு பொன்னாடையைப் போர்த்தி, ஒரு போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டு, வாசல் வரைக்கும் போவார். போய் நிற்பார். திரும்பி வந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். எங்கள் வீட்டு மின்விசிறி மாதிரி சுத்தமான மின்விசிறி பாளையங்கோட்டையிலேயே கிடையாது.

அப்படி இருக்கும்போது எலி வந்தது. வந்தது பருப்பைத் தின்னவில்லை, அரிசியைத் தின்னவில்லை. பீரோ மேல் மடித்து வைத்திருந்த பொன்னாடையின் ஒரு மூலையைக் கடித்துக் கொண்டுபோயிருந்தது. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டை வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னையவா கடிக்கே?" என்றார்.

பொன்னாடையைக் கடித்ததற்கு "என்னையவா" என்றார். அதைக் கவனியுங்கள். நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

அதோடு போர் ஆரம்பம். ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்கள் பக்கமும் இருக்கும். எலிக்குக் கூண்டு வைத்தால் அதைப் பற்றி வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசக் கூடாது. எலிக்குக் காது கேட்கும். விஷயம் தெரிந்தால் வராது. பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. "அவுக" என்றுதான் சொல்ல வேண்டும். "இன்னைக்கு அவுகளுக்கு விருந்து", "அவுக வந்துட்டாகளா?" இப்படி. இருபத்தோராம் நூற்றாண்டில்! நான் வாதாடிப் பார்த்தேன். "அப்பா, எலிக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன். "இங்கனயே பொறந்து வளந்ததுக்குத் தெரியாதா?" என்றார். 

முதல் நாள் அம்மாதான் முக்கில் உள்ள டீக்கடைக்கு வடை வாங்கப் போனாள். அவள் குரலும் என் குரல்தான். "அண்ணே, மசால்வடை ஒண்ணு போதும். எங்களுக்கில்ல, எலிக்கு!" தெருவுக்கே கேட்டது. எதிர் வீட்டு மரியபுஷ்பம் அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எலிக்கா? அப்ப ரெண்டா வாங்கு உலகு, ஒண்ணு எனக்கு" என்றாள். வாசலில் நின்ற அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் "அவுக" தவிர வேறு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. நான் சாட்சி.

மறுநாள் விடியும்போது நான் படிக்க எழுந்தேன். காபி போட அடுக்களைக்குப் போனால், கூண்டுக் கதவு விழுந்திருக்கிறது. உள்ளே எலி. ரெண்டு கையாலும் வடையைப் பிடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்து நிறுத்தியது. வடை கையிலேயே இருக்கிறது, வாய் மட்டும் நின்றுவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஜீவன் நம்மை அப்படிப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அப்பா எழுந்தால் கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்கிவிடுவார். வாளியில் முன்னாலேயே தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்.

பின்கதவைத் திறந்தேன். சாக்கடை ஓரம் கூண்டைத் திறந்துவிட்டேன், வடையோடு ஓடிவிட்டது. திரும்ப வந்து கதவைத் தூக்கி மாட்டி, கூண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வரலாற்றுப் பொருள்முதல்வாதம் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம் அக்கா. நான்தான். அதை நான் மறைக்கவில்லையே, உங்களிடம் சொல்லிவிட்டேனே!

அப்பா எழுந்து வந்து கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவு தூக்கியபடியே இருக்கிறது, வடையைக் காணோம். "வடையத் தின்னுட்டு கதவத் தொடாமப் போயிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருக்கு. யாரோ சொல்லிட்டா." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

எலி சாயங்காலமே திரும்ப வந்துவிட்டது. அது என் தப்பா? சொந்த வீடு என்று நினைத்திருக்கிறது.

அப்புறம் தினமும் இதே கதை. அப்பா வைப்பார், எலி மாட்டும், நான் விடுவேன். கூண்டை மட்டும் நம்பினால் போதாது என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. மில்லில் மெஷினை மடக்கின மூளை, இல்லையா, வேறு வழி தேட ஆரம்பித்தது. எலி ஒட்டுகிற அட்டை வாங்கி அடுக்களை வாசலில் வைத்தார். வைத்த இடத்தை அவரே மறந்து மிதித்துவிட்டார். அட்டை பாதத்தோடு வந்துவிட்டது. வாசலில் கூரியர்க்காரர் கூப்பிட, ஒரு காலில் அட்டையோடு சப்பு சப்பென்று நடந்து போய்க் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கீழே போட்டார், அது அட்டையில் ஒட்டிக்கொண்டது. கூரியர்க்காரர் குனிந்து பேனாவைப் பிடித்து இழுக்க, அப்பா அவர் தோளைப் பிடிக்க, ரெண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் காலைக் கழற்றினாள்.

எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க வீடு முழுக்க மைதா மாவைத் தூவினார். காலையில் பார்த்தால் மாவில் ஒரு நீளமான தடம், கடைசியில் அப்பா. வழுக்கி விழுந்து, நடுமுதுகு வரைக்கும் வெள்ளையாக, "தடம் கெடச்சிட்டு, யாரும் மிதிக்காதீக!" என்று படுத்தபடியே கத்தினார். அம்மா மாவைக் கூட்டினாள். அப்பா மரியபுஷ்பம் அத்தை வீட்டுப் பூனையைக் கடன் வாங்கி வந்தார். அது பாலைக் குடித்துவிட்டு அவர் தலையணையில் தூங்கியது. எலி அதன் வாலைத் தாண்டிப் போனது. அப்பா பருப்பு மத்தை வீசினார். டியூப் லைட் போனது. பூனை அலமாரிக்குத் தாவியது, ஊறுகாய் ஜாடி போனது. அம்மா கண்ணாடியைப் பொறுக்கினாள், ஊறுகாயைத் துடைத்தாள். பெரிய ஜாடி அக்கா அது, நார்த்தங்காய்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். நீங்களும் சிரிக்கிறீர்கள்தானே? கண்டக்டர் அண்ணன்கூடச் சிரிக்கிறார். அவர் எதற்கு இங்கேயே நிற்கிறார்? டிக்கெட் எல்லாம் கொடுத்தாயிற்றே?

அப்பா சிரிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். தான் விழுந்ததைப் பார்த்துத் தானே முதலில் சிரிக்கிற ஆள் அவர். இந்தத் தடவை ஒரு சிரிப்புகூட இல்லை.

ஒரு காலையில் வெறும் கூண்டைத் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"ஏளா, உண்மையச் சொல்லு. திரும்ப எங்கயும் வாய விட்டியா?"

"நான் எங்கங்க சொன்னேன்? அன்னைக்கு ஒரு நாள் கடையில சொன்னதுதான்."

"ராத்திரி தூக்கத்துல பேசுதல்லா?"

"தூக்கத்துல நான் எலியப் பத்தியா பேசுவேன்?"

"இந்தா! இப்பப் பேரச் சொல்லிட்ட பாரு!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டு சுவரோரம் பார்த்தாள், எலி கேட்டிருக்குமோ என்று. அவளும் நம்புகிறாள் அக்கா! அதுதான் எனக்குக் கோபம். தன் வாயால்தான் கெட்டது என்று அவளே கொஞ்சம் நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை முக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். அப்பா வாசலிலேயே கேட்டார்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"வீட்டுல இந்தத் தொல்லை ஒழியணும்னுதான்."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பிள்ளையார்கிட்டயா சொன்ன? ஏளா, அவரு எதுல ஏறிப் போறாரு? ஊருல எத்தனை சாமி இருக்கு! முருகன்கிட்டச் சொல்லியிருக்கலாம், அம்மன்கிட்டச் சொல்லியிருக்கலாம். நேரா போயி அவரு வண்டிக்கு முன்னால நின்னு சொல்லிட்டு வந்திருக்கியே!"

எதிர் வீட்டில் மரியபுஷ்பம் அத்தை வெடித்துச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. நீங்கள் இருந்தாலும் சிரித்திருப்பீர்கள். சிரித்தேன். கையில் விபூதியோடு நின்ற அம்மா, அப்பாவைப் பார்க்கவில்லை, மரியபுஷ்பம் அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வரி. "அம்மா இல்லப்பா, நான்தான் தொறந்து விடுதேன்." வாயைக்கூடத் திறந்தேன் அக்கா. கையில் காபி இருந்தது. குடித்துவிட்டேன்.

"சரி. இனிமே நான் பேசல" என்றாள் அம்மா. அதுதான் கடைசி.

ஏன் சொல்லவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சொன்னால் எலியைக் கொன்றுவிடுவார்கள், அது கொள்கை. அப்புறம், பிரச்சினை நான் திறந்துவிட்டதா? இல்லை. வீட்டில் என்ன கெட்டுப்போனாலும் பெண்ணின் வாய்தான் காரணம் என்று நினைக்கிற புத்திதான் பிரச்சினை. நான் எலியைத் திறந்துவிட்டதால் அந்தப் புத்தி வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். இதை வைத்து அடுத்த கருத்தரங்கில் ஒரு கட்டுரையே வாசிக்கலாம். குறிப்புகூட எழுத ஆரம்பித்தேன். எழுத உட்கார்ந்தால் கை போகவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைக்காதீர்கள். தூக்கம் சரியில்லை, அதனால்தான்.

வீடு அந்தக் கார்ட்டூன் மாதிரியே ஆகிவிட்டது. சத்தம் இருக்கிறது, வசனம் இல்லை. பாத்திரம் விழுகிற சத்தம், அப்பா இடிக்கிற சத்தம், துடைப்பச் சத்தம். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொல்லிவிட்டு, பதில் இல்லாமல் அடுத்த வரிக்குப் போவார். குக்கர் மட்டும் தனியாகக் கத்தும்.

அம்மா பேசுவதை நிறுத்தி நாலு நாள் ஆகியும் கூண்டு காலி. அப்பா யோசித்து யோசித்துச் சொன்னார்: "சாடை காமிச்சிருப்பா."

அன்றைக்கு மத்தியானம் அம்மா சோற்றை வடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டி பஸ் ஏறிவிட்டாள். நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன், வாதாடியிருப்பேன்.

இங்கேதான் அக்கா என் மூளை வேலை செய்தது. நீங்களே சொல்லுங்கள், தர்க்கம் சரியா என்று. அம்மா வீட்டில் இல்லை. இப்போது நான் திறந்துவிடாமல் இருந்தால் எலி மாட்டிக்கொள்ளும். உடனே அப்பா என்ன சொல்வார்? "பாத்தியா, அவ போனா, மாட்டிக்கிட்டு." அம்மாவின் குற்றம் நிரூபணம் ஆகிவிடும். ஆக, அம்மா குற்றமற்றவள் என்று நிரூபிக்க வேண்டுமானால் நான் எலியை விட்டே ஆக வேண்டும். அம்மாவுக்காக! முன்னால் விட்டது எலிக்காக. இது முழுக்க அம்மாவுக்காக.

அப்பாவே போய் வடை வாங்கினார். டீக்கடையில் விரலை நீட்டி, வடைத் தட்டைக் காட்டி, வாயைப் பொத்தி, காதைத் தொட்டு, சைகையிலேயே வாங்கினார். கடைக்காரர் தொண்டையில் ஏதோ ஆபரேஷன் என்று நினைத்து வெந்நீர் கொடுத்திருக்கிறார். என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூண்டை வைத்தார். காலையில் நான் திறந்துவிட்டேன். அப்பா வந்து காலிக் கூண்டைப் பார்த்தார். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது சொல்வார், "அப்ப உங்கம்மா இல்ல போலட்டி" என்று சொல்வார், நானே போய் அம்மாவைக் கூட்டிவந்துவிடலாம், எல்லாம் சரியாகிவிடும். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா கூண்டைக் கீழே வைத்தார். "போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார்.

அப்புறம் நான் போட்ட உப்புமாவைக் கிளறிக்கொண்டே, தட்டைப் பார்த்துச் சொன்னார்: "வீடு சத்தமே இல்லாம கெடக்கு, என்னட்டி?"

எனக்கு உப்புமா இறங்கவில்லை. ரவையைச் சரியாக வறுக்கவில்லை போல.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. பரணில் ஏதோ சலசலப்பு கேட்கிறதென்று கட்டில்மேல் நாற்காலியைப் போட்டு, நாற்காலிமேல் ஏறி, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் விறகுக் கட்டையோடு நின்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே கட்டையால் அண்டாவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. கட்டையை ஓங்கின கை அப்படியே நின்றது.

"ஏட்டி வடிவு," என்றார், அவ்வளவு மெதுவாக. "குட்டி போட்டிருக்குட்டி. என் பொன்னாடையை மெத்தையாக்கி... இங்க பாரேன், கண்ணுகூடத் தொறக்கல. ரோஸ் கலர்ல..."

எனக்குக் காட்டுவதற்காக ஓரமாக நகர்ந்தார். தரையில் நிற்கிறோம் என்று நினைத்துவிட்டார் அக்கா. அப்படியே பின்னால் ஒரு எட்டு வைத்தார்.

கார்ட்டூனில் அந்த ஆள் காற்றில் கொஞ்ச நேரம் நிற்பார், கீழே பார்ப்பார், அப்புறம்தான் விழுவார். அப்பா நிற்கவில்லை. நான் நாற்காலியைத்தான் பிடித்திருந்தேன். அப்பாவைப் பிடிக்கவில்லை. அண்டாவும் கூடவே வந்தது. அது அவர்மேல் விழவில்லை, அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்ல என்று தெரியவில்லை.

மணிக்கட்டு ரெண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது, "உங்கம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

"ஏன்ப்பா? சொன்னா வந்துருவாங்கல்லா?"

"அதான் சொல்லாதங்கேன். கை ஒடஞ்சதுக்கா வரணும்? அவளுக்கா வரணும்னு தோணி வரணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் என்னத்துக்கு அப்படிப் பேசுனேன்?" என்றார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. அதனால் நான் மருந்து வாங்கப் போய்விட்டேன்.

ஒன்று பார்த்தீர்களா? நான் திறந்துவிட்டது ஒரு தாயை. வாளியில் முக்கியிருந்தால் அத்தனை குட்டியும் பட்டினியில் செத்திருக்கும். அப்பாவே ஓங்கின கையை இறக்கிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் நான் செய்தது சரி. எல்லாப் பக்கமிருந்தும் யோசித்துவிட்டேன், சரிதான். சரியாகச் செய்த ஒருத்திக்கு ஏன் ராத்திரி தூக்கம் வர மாட்டேன் என்கிறது, அதுதான் புரியவில்லை.

சொல்லாதே என்றாலும் நான் இன்று காலை கோவில்பட்டிக்குப் போய்விட்டேன். வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டாள். "வந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசலம்மா உங்கம்மா. வாயில என்ன கொழுக்கட்டையான்னுகூடக் கேட்டுட்டேன். என்னதான் நடந்துச்சு அங்க?" "அப்பாவோட ஆணாதிக்கம் அத்தை" என்றேன். அது உண்மைதானே?

அம்மா உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக. ஆனால் முன்னுரை இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது? "அப்பா விழுந்துட்டாங்க, கையில கட்டு" என்றேன். அது மட்டும்தான் வந்தது. அம்மா சுளகைக் கீழே வைத்தாள். மாற்றுச் சேலையை மடித்துப் பையில் வைத்தாள். அத்தை ஓடிவந்து தலையில் பூவை வைத்து, பையில் முறுக்கைத் திணித்தாள். பஸ் ஸ்டாண்டு வரும் வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆட்டோ ஒரே இரைச்சல். பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன், முறுக்குப் பை.

கங்கைகொண்டான் தாண்டிவிட்டது போலிருக்கிறதே. அப்படியானால் ஊர் வர அதிக நேரம் இல்லை.

வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் தெரியுமா? அம்மா அந்தக் கையைப் பார்ப்பாள். கஞ்சி வைப்பாள். அப்பா ஏதாவது சொல்வார், "எல்லாம் உன் வாயால வந்ததுதான, பரவால்ல விடு" என்று பெரிய மனதாக மன்னித்தாலும் மன்னித்துவிடுவார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு கஞ்சியை ஆற்றுவாள். சாகும் வரைக்கும் இந்த வீட்டில் எது கெட்டாலும் "அன்னைக்கு எலிகிட்டச் சொன்ன மாதிரி" என்று ஒரு பேச்சு இருக்கும். நான் பக்கத்தில் நின்று காபி குடிப்பேன்.

பல்கலைக்கழகத்தில் காவலாளிக்காகப் பேசியிருக்கிறேன் அக்கா. மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற அக்காக்களுக்காகத் துணைவேந்தர் அறை வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டிருக்கிறேன். எலிக்காக இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். பேசத் தெரியாதவள் இல்லை நான்.

நீங்களே சொல்லுங்கள். நீங்கள் நடுநிலையான ஆள், எங்கள் குடும்பத்தைத் தெரியாது. நான் இதை யாரிடம் முதலில் சொல்வது? அம்மாவிடமா, அப்பாவிடமா? அப்பாவுக்குக் கை சரியாகட்டும் என்று விட்டு வைக்கலாமா? அம்மா முதலில் பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாமா? ஏன் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? நான் என்னதான் செய்ய வேண்டும்?

முன்னால் எதற்குக் கையைக் காட்டுகிறீர்கள்? கண்டக்டர் அண்ணன் ஏன் ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறார்?

அம்மா எழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது.

"ஏட்டி வடிவு. போனை எடு. உங்கப்பாவுக்குப் போடு. இப்ப அந்த அம்மாகிட்டச் சொன்னதை முதல்ல இருந்து அப்படியே அவருகிட்டச் சொல்லு. எலியத் தொறந்து விட்டதோட நிறுத்திராத. நீ சிரிச்சதையும் விடாமச் சொல்லு."